ஒளிக்குக் கட்டுப்படும் புரதங்கள்

தம்பி தங்கைகளே, ஜப்பானின் ரிக்கேன் ஆய்வு நிறுவனத்தில் நடந்ததைக் கேளுங்கள். அட்சுஷி மியாவாக்கியின் குழுவினர் ஒரு பவளத்தின் மரபணுவைக் கொண்டு பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்றைத் தயாரித்திருந்தார்கள். ஓர் இரவு அதில் ஒரு சிறு குப்பி மட்டும் மேசைமேலேயே தங்கிவிட்டது. மறுநாள் பார்த்தால், அது சிவப்பாகியிருந்தது! அட்டைப்பெட்டிக்குள் இருந்த குப்பிகளோ பச்சையாகவே இருந்தன.

காரணம், தெற்கு ஜன்னல் வழியே வந்த வெயில். அதிலுள்ள புற ஊதா ஒளி பட்டதும் புரதத்துக்குள் ஒரு பிணைப்பு அறுந்து, நிறம் மாறிவிட்டது. இந்தக் கண்டுபிடிப்பு 2002-இல் வெளியானது.

ஒளிரும் புரதம் என்றால் என்ன? 1962-இல் ஒசாமு ஷிமோமுரா ஒரு ஜெல்லி மீனில் முதலில் அதைக் கண்டார். 238 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது. பீப்பாய் வடிவில் மடிந்திருக்கும். நீல ஒளியை வாங்கிக்கொண்டு பச்சை ஒளியைத் தரும். அதன் மரபணுவை வேறோர் உயிரின் செல்லில் சேர்த்தால், அந்தச் செல்லும் ஒளிரும்.

பிறகு விஞ்ஞானிகள் சங்கிலியையே திருத்தத் தொடங்கினார்கள். 2002-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் பேட்டர்சனும் ஜெனிஃபர் லிப்பின்காட்-ஷ்வார்ட்ஸும் 203-ஆம் இடத்திலுள்ள ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றினார்கள். புதிய புரதம் முதலில் மங்கியே இருந்தது. ஊதா ஒளியைப் பாய்ச்சியதும் சுமார் 100 மடங்கு பிரகாசமானது. 2004-இல் மியாவாக்கியின் குழு இன்னொரு படி முன்னேறியது. அவர்கள் உருவாக்கிய 'ட்ரோன்பா' என்ற புரதம் நீல ஒளியில் அணையும், ஊதா ஒளியில் மீண்டும் எரியும். இப்படித் திரும்பத் திரும்பச் செய்யலாம்.

இதனால் என்ன பயன்? சாதாரண ஒளி நுண்ணோக்கியில், சுமார் 200 நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் இருக்கும் இரண்டு புள்ளிகள் ஒன்றாகக் கலங்கித் தெரியும். வகுப்பில் எல்லாரும் ஒரே நேரத்தில் "உள்ளேன் ஐயா" என்று கத்தினால், யார் எங்கே இருக்கிறார் என்று ஆசிரியருக்குத் தெரியுமா? ஒவ்வொருவராகச் சொன்னால்தானே தெரியும்!

எரிக் பெட்சிக் என்ற விஞ்ஞானி ஒளிரும் புரதங்களை வைத்து இதைத்தான் செய்தார். ஊதா ஒளியை மிக மெல்லியதாகப் பாய்ச்சினால், ஆயிரக்கணக்கான புரதங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலவே எரியும். அவற்றின் இடத்தைக் குறித்துக்கொண்டு, அவை அணைந்ததும் அடுத்த சிலவற்றை எரியவைக்க வேண்டும். பல ஆயிரம் படங்களை ஒன்றுசேர்த்தால், செல்லின் உள்ளமைப்பு நுணுக்கமாகத் தெரியும். 2006-இல் இதைச் செய்துகாட்டிய அவருக்கு, 2014-இல் வேதியியல் நோபல் பரிசு பகிர்ந்து கிடைத்தது.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. ஊதா ஒளி அதிகமானால் உயிருள்ள செல்லுக்குத் தீங்கு. உடலுக்குள் ஆழமாகவும் போகாது. இருட்டறையில் டார்ச்சை உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். மறுபக்கம் சிவப்புதான் தெரியும், ஏனென்றால் தசையைக் கடந்து வருவது பெரும்பாலும் சிவப்பு ஒளியே. அதனால்தான் இப்போது ஆய்வாளர்கள் பாக்டீரியாக்களிடமிருந்து சிவப்பு ஒளியை உணரும் புரதங்களை எடுத்துத் திருத்திவருகிறார்கள். அந்த வேலையில் செய்ய வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. நீங்கள் வளர்ந்து அதில் சேர்ந்துகொள்ளலாம்!