தெரிந்த கணக்கைக் கோட்டை விடலாமா?
உயர்தர இரசாயனவியல் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கும் அவர்களது பெற்றோருக்கும்



உயர்தரப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பும்போது, லயத்து வாசலில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "எல்லாம் தெரிஞ்சுதாங்க போனேன். வெளிய வந்து கூட்டாளிமாரோட பேசினப்புறந்தான் வெளங்குது, அலக மாத்தாம கணக்க செஞ்சிட்டேன்." தெரியாமல் போன புள்ளியைவிட, தெரிந்தும் போன புள்ளிதான் அதிகம் வலிக்கும்.

எமது பிள்ளைகளுக்கு இந்த வலி இன்னும் கொஞ்சம் கூடுதல். மலையகத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவைத் தமிழில் கற்க ஒரு பிள்ளை எவ்வளவு தூரம் பஸ்ஸில் போய்வர வேண்டியிருக்கிறது என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2001ஆம் ஆண்டிலிருந்து பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி பார்க்கப்படுகிறது. அதை நான்கு தசம தானத்துக்குக் கணிக்கிறார்கள். எனவே ஓரிரு வினாக்களில் விடும் கவனப்பிழைகூட, விரும்பிய பாடநெறியைத் தட்டிப் பறித்துவிடக் கூடும்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் 18 கிலோவை 13 என்று எழுதிவிட்டால் என்ன நடக்கும்? மலையேறிப் பறித்தது பறித்ததுதான். ஆனால் கணக்கில் வராது. முழுப்பேர் அரைப்பேராகிவிடும். அதனால்தான் எங்கள் தாய்மார் தராசு முள்ளையும் பார்க்கிறார்கள், எழுதும் கையையும் பார்க்கிறார்கள். அந்தக் கண் பரீட்சை மண்டபத்திலும் வேண்டும் என்பதே நாம் சொல்ல வருவது.

வினாத்தாளை முதலில் அறிந்துகொள்வோம்

முதலாம் பத்திரத்தில் 50 பல்தேர்வு வினாக்கள். நேரம் 2 மணித்தியாலம். ஒரு வினாவுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம். பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை. ஆகவே எந்த வினாவையும் வெறுமையாக விடக்கூடாது.

இரண்டாம் பத்திரம் 3 மணித்தியாலம். பகுதி ஒன்றில் அமைப்புக் கட்டுரை வினாக்கள் நான்கு. நான்குக்கும் விடை எழுத வேண்டும். அடுத்த இரண்டு பகுதிகளிலும் மூன்று மூன்று வினாக்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டாகத் தெரிவுசெய்ய வேண்டும். ஒரே பகுதியில் மூன்றை எழுதி மற்றதில் ஒன்றை மட்டும் எழுதினால், அந்த மூன்றாவது விடைக்குப் பட்ட பாடு வீண். அமைப்புக் கட்டுரைக்கு 18 நிமிடம், கட்டுரைக்கு 27 நிமிடம் என்று பிரித்தால் எட்டு வினாக்களுக்கும் 180 நிமிடம் சரியாக வரும். எழுதத் தொடங்குமுன் தரப்படும் 10 நிமிட வாசிப்பு நேரத்தில் தெரிவை முடித்துவிடுங்கள். பாதியில் வினாவை மாற்றுவதுதான் நேரத்தைத் தின்னும்.

கல்குலேட்டர் கொண்டுபோக அனுமதி இல்லை. ஆனால் வீட்டில் போனை எடுத்துக் கணக்குப் போட்டுப் பழகிய பிள்ளை, மண்டபத்தில் சாதாரண வகுத்தலில் தடுமாறுகிறது. இன்றிலிருந்தே கையால் செய்து பழகுங்கள்.

அடிக்கடி வழுக்கும் இடங்கள்

முதலாவது, அலகு. வாயுக் கணக்கில் 27 பாகை செல்சியஸ் என்று தந்தால் அதை 300 கெல்வின் ஆக்கிய பிறகுதான் சமன்பாட்டில் இட வேண்டும். கனவளவில் இன்னும் கவனம் தேவை. ஒரு மீற்றரில் 100 சென்ரிமீற்றர். ஆனால் ஒரு கன மீற்றரில் 10 இலட்சம் கன சென்ரிமீற்றர். நூறால் வகுத்துவிட்டுப் போகும் பிள்ளைகள் ஏராளம்.

இரண்டாவது, மூல் விகிதம். ஓர் உதாரணம் பார்ப்போம். 25.00 கன சென்ரிமீற்றர் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலை முற்றாக நடுநிலையாக்க, லீற்றருக்கு 0.100 மூல் செறிவுள்ள சல்பூரிக் அமிலம் 20.00 கன சென்ரிமீற்றர் தேவைப்பட்டது. அமிலத்தின் மூல் அளவு 0.00200. இந்த இடத்தில்தான் அவசரம் வந்துவிடும். ஒரு மூல் சல்பூரிக் அமிலத்துக்கு இரண்டு மூல் சோடியம் ஐதரொட்சைட்டு வேண்டும். ஆகவே அது 0.00400 மூல், செறிவு லீற்றருக்கு 0.160 மூல். சமன்பாட்டை எழுதிச் சமப்படுத்தாமல் ஓடியவருக்கு 0.080 வரும். பல்தேர்வு வினா என்றால் அந்தப் பிழையான 0.080உம் விடைகளில் ஒன்றாகக் காத்திருக்கும். "நம்ம விடை இருக்கே" என்று சந்தோசப்பட்டு ஏமாந்துவிடாதீர்கள்.

மூன்றாவது, குறி. வெப்பம் வெளிவிடப்படும் தாக்கத்தில் வெப்பவுள்ளுறை மாற்றம் மறைப் பெறுமானம். இலக்கம் சரியாக இருந்தும் மறைக்குறி இல்லாவிட்டால் விடை பிழை. அயன்களின் ஏற்றமும் சமன்பாட்டின் பௌதிக நிலைகளும் அப்படியே. சேதன இரசாயனத்தில் கட்டமைப்பு வரைந்தபின், ஒவ்வொரு காபனுக்கும் நான்கு பிணைப்பு இருக்கிறதா என்று விரல் வைத்து எண்ணுங்கள். ஐந்து கால் முளைத்த காபனுக்குப் புள்ளி கிடைக்காது.

நான்காவது, செய்முறை. பல பாடசாலைகளில் ஆய்வுகூட வசதி குறைவு. செய்து பார்க்காதவற்றை மனதால் செய்து பார்க்க வேண்டும். அளவியை, அதில் இடப்போகும் கரைசலாலேயே கழுவ வேண்டும். நியமிப்புக் குடுவையைக் காய்ச்சி வடித்த நீரால் மட்டும் கழுவ வேண்டும். கரைசலால் கழுவினால் மூல் அளவு கூடிவிடும். வாசிப்பைக் கண்மட்டத்தில் எடுக்க வேண்டும். தொடக்க வாசிப்பு 1.20, இறுதி வாசிப்பு 21.20 என்றால் செலவான கனவளவு 20.00 தான், 21.20 அல்ல.

ஐந்தாவது, வினாவை வாசிப்பது. "பின்வருவனவற்றுள் தவறான கூற்று எது?" என்ற வினாவில், முதலில் கண்ணில் படும் சரியான கூற்றுக்குப் புள்ளடி போட்டுவிட்டு வருவார்கள். "தவறான", "அல்லாதது", "மட்டும்" போன்ற சொற்களின் கீழ் ஒரு கோடு இழுங்கள். 31 முதல் 40 வரையும், 41 முதல் 50 வரையும் உள்ள வினாக்களுக்கு வேறுவேறு அறிவுறுத்தல்கள் உண்டு. கூற்றுச் சோடி வினாக்களில் இரண்டு கூற்றும் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. இரண்டாவது முதலாவதை விளக்குகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஆறாவது, விடைத்தாள். ஒரு வினாவை "பிறகு பார்ப்போம்" என்று தாண்டும்போது, விடைத்தாளிலும் அந்த வரியைத் தாண்ட வேண்டும். 23இன் விடையை 22இல் போட்டால் அதன் பின்னால் வருவதெல்லாம் இடம்மாறிப் போகும். பத்து வினாக்களுக்கு ஒருமுறை இலக்கத்தைச் சரிபாருங்கள்.

உரமூடையும் ஒரு வாத்தியார்தான்

விடை வந்ததும் "இது நடக்கிற காரியமா?" என்று கேட்டுப் பழகுங்கள். யூரியாவின் ஒரு மூலக்கூறில் காபன் 1, ஒட்சிசன் 1, நைதரசன் 2, ஐதரசன் 4. மூலர்த் திணிவு 60. நைதரசன் 28. ஆகவே நூற்றுக்கு 46.7 பங்கு. நைதரசன் இரண்டு என்பதை மறந்தவருக்கு 23.3 வரும். தோட்டத்து ஸ்டோரில் கிடக்கும் யூரியா மூடையைப் பாருங்கள். 46 என்று அச்சடித்திருக்கும். தேயிலை மண்ணுக்கு டொலமைட் போடுவது ஏன், பக்டரியில் அரைத்த கொழுந்து செம்பு நிறமாவது எப்படி என்பவையும் இரசாயனவியல்தான். பின்னதை நாம் புளிக்கவைத்தல் என்று சொன்னாலும் உண்மையில் அது ஒட்சியேற்றம். கண்ணால் கண்டதோடு சேர்த்துப் படித்தது இலகுவில் மறக்காது.

பிழைக் கொப்பி

ஒரு சீ.ஆர். கொப்பியை இதற்கென்று ஒதுக்குங்கள். கடந்தகால வினாத்தாள் ஒன்றைக் கடிகாரம் வைத்து, இடையில் எழும்பாமல் செய்யுங்கள். லயத்தில் சத்தம் என்றால் கோயில் மண்டபமோ வாசிகசாலையோ போதும். திருத்தியபின் ஒவ்வொரு பிழைக்கும் மூன்று விடயங்களை எழுதுங்கள்: என்ன கேட்டார்கள், நான் என்ன எழுதினேன், ஏன் பிழைத்தது. "கவனமில்லை" என்று மட்டும் எழுதக்கூடாது. "கெல்வின் ஆக்கவில்லை", "மூல் விகிதம் பார்க்கவில்லை" என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். ஐந்தாறு வினாத்தாள் செய்தபின் புரட்டிப் பார்த்தால், ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்திருப்பது தெரியும். அதுதான் உங்கள் பிழை. பரீட்சைக்கு முதல்நாள் புதிதாக எதையும் தொடாமல் இந்தக் கொப்பியை மட்டும் வாசியுங்கள்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

"நாங்க படிக்காதவங்க, எங்களுக்கு என்னா தெரியும்" என்று ஒதுங்கிவிடாதீர்கள். கொழுந்து பறிக்கும் ஒரு தாய் தன் மகளிடம் தினமும் இரவில் மூன்று கேள்வி கேட்பாராம். "கேள்விய ரெண்டாந்தரம் வாசிச்சியா? அலகு போட்டியா? வந்த விட சரியா வருமான்னு யோசிச்சியா?" பாடம் அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் அந்த மூன்று கேள்வியும் மகளின் காதில் மண்டபத்திலும் கேட்டுக்கொண்டே இருந்ததாக அந்தப் பிள்ளையே எம்மிடம் சொன்னது.

இன்னொன்று. பிறப்புச் சான்றிதழில் பெயர்ப் பிழை இருந்தால் தேசிய அடையாள அட்டை தாமதமாகும். அதை இப்போதே கிராம உத்தியோகத்தரிடம் காட்டி அலுவலைத் தொடங்குங்கள். பரீட்சைக்கு முதல்நாள் இரவே அனுமதி அட்டை, அடையாள அட்டை, இரண்டு பேனைகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் ஒரு பஸ் முன்னதாகவே புறப்படச் செய்யுங்கள். அந்த வாரம் தண்ணீர் எடுப்பதும் விறகு பொறுக்குவதும் பிள்ளையின் வேலையாக இருக்க வேண்டாம்.

பிள்ளைகளே, கடைசிப் பத்து நிமிடத்தைத் திருத்துவதற்கென்றே மிச்சம் பிடியுங்கள். அலகு, குறி, விகிதம், சுட்டெண் என்று நான்கையும் ஒரு தடவை பாருங்கள். படிக்க வேண்டியதை நீங்கள் படித்துவிட்டீர்கள். பறித்த கொழுந்து ஒரு கிலோவும் குறையாமல் கணக்கில் ஏறட்டும்!