பத்துமலைப் படியில் ஒரு பாக்கெட் கேமரா

பாக்கெட் வீடியோ கேமரா வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் படிப்பது பெட்டிமேல் அச்சிட்ட எண்களைத்தான். 4கே, 120 ஃபிரேம், இத்தனை மெகாபிக்சல். செலாயாங்வாசிகளுக்கு அதைவிட நல்ல சோதனைக்கூடம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது: செலாயாங் நகராண்மைக் கழக எல்லைக்குள் வரும் பத்துமலை. 42.7 மீட்டர் உயர முருகன் சிலையின் தங்க நிறத்தில் பட்டுத் தெறிக்கும் மதிய வெயில், பக்கத்தில் 272 படிகள், ஏறி முடித்ததும் சுண்ணாம்புக் குகையின் மங்கல், நாதஸ்வரமும் உறுமியும், சரவிளக்குகள், கீழே இறங்கினால் குளுகுளு கொமுட்டர் ரயில். ஒரு கேமராவைத் திணறடிக்கக்கூடிய எல்லாமே அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். போதாததற்குக் கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் குரங்குகள் வேறு.

இந்த வகைக் கேமரா ஒருமுறை செத்துப் பிழைத்தது. அமெரிக்காவில் 2007இல் பியூர் டிஜிட்டல் நிறுவனம் இறக்கிய ஃபிளிப் அல்ட்ரா, ஒற்றைச் சிவப்புப் பொத்தானோடு சட்டைப் பைக்குள் போய்விடும். சக்கைப்போடு போட்டது. 2009இல் சிஸ்கோ ஏறக்குறைய 59 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து அந்த நிறுவனத்தை வாங்கியது. 2011 ஏப்ரலில் ஃபிளிப்பை இழுத்து மூடியது. வீடியோ எடுக்கும் கைப்பேசி எல்லார் கையிலும் வந்துவிட்ட பிறகு இன்னொரு பொத்தான் எதற்கு? பிறகு 2018 இறுதியில் டிஜேஐ நிறுவனம் ஓஸ்மோ பாக்கெட்டைக் கொண்டுவந்தது. 2023 அக்டோபரில் வந்த அதன் மூன்றாவது வடிவம் 179 கிராம் எடை. கைப்பேசியில் இல்லாத ஓர் உறுப்பு அதில் உண்டு: மூன்று மோட்டார் வைத்த கழுத்து. ஜிம்பல் என்பார்கள்.

அந்தக் கழுத்து எதற்கு என்று புரிய, இந்தப் பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் இட வலமாக விரைவாக ஆட்டிப் படித்துப் பாருங்கள். படிக்க முடிகிறது. இப்போது தலையை நிறுத்திவிட்டு, அதே வேகத்தில் பக்கத்தை ஆட்டுங்கள். எழுத்து கரைந்துபோகிறது. உள்காதில் மூன்று திசைகளில் அமைந்த அரைவட்டக் குழாய்கள் தலையின் சுழற்சியை உணர்கின்றன. நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் விழித்தசைகள் கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகின்றன. நாம் அறியாமலே நாள் முழுக்க நடக்கும் வேலை இது. பக்கம் ஆடும்போது உள்காதுக்கு எந்தச் செய்தியும் போவதில்லை, அதனால்தான் தோற்கிறோம். சாதாரணக் கேமராவுக்கு உள்காதும் கிடையாது, விழித்தசையும் கிடையாது. ஜிம்பல் இரண்டையும் தருகிறது.

அதன் உள்காது ஒரு சிலிக்கான் சில்லு. சில்லுக்குள் ஒரு நுண்ணிய எடை நொடிக்குப் பல ஆயிரம் தடவை முன்னும் பின்னும் அதிர்ந்துகொண்டே இருக்கும். கேமரா திரும்பினால் அந்த எடை பக்கவாட்டில் இழுபடும்; 1835இல் கொரியோலி விளக்கிய விசையின் வேலை. அணு அளவுக்கு இறங்கிவரும் அந்த நகர்வை மின்தேக்கத் திறனின் மாற்றமாக அளந்து மோட்டாருக்குச் சொல்கிறார்கள். மனிதனுக்கு வெகுகாலம் முன்பே இதைச் செய்து முடித்தது ஈ. செலாயாங் மொத்தச் சந்தையில் மீன் பெட்டிகளைச் சுற்றும் ஈயை உற்றுப் பார்த்தால் இறக்கைக்குப் பின்னால் குண்டூசித் தலை போல இரண்டு சிறு உறுப்புகள் தெரியும். பின்னிறக்கைகள் சுருங்கி அப்படி ஆனவை. நொடிக்கு 200 தடவை அளவில் துடித்து, அதே கொரியோலி விசையால் உடல் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று உணர்த்துகின்றன. ஈயை அடிக்கக் கை ஓங்கும்போது அது அநாயாசமாகத் திரும்பிப் பறப்பதில் அவற்றுக்குப் பெரும் பங்கு.

ஆனால் ஜிம்பலை நம்பிப் படியேறினால் ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். அது சுழற்சியைத்தான் திருத்தும். மேலும் கீழும் எகிறுவதைத் திருத்தாது. நடக்கும்போது கை ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் தள்ளி நின்று சிலையைப் பிடித்தால், அகலக் கோணத்து 4கே படத்தில் அந்த எகிறல் ஒரே ஒரு பிக்சல். கண்ணுக்கே தெரியாது. ஒன்றரை மீட்டர் முன்னால் காவடியோடு ஏறுகிறவரின் முதுகைப் பிடித்தால் அதே 5 சென்டிமீட்டர் 70 பிக்சலாகிவிடுகிறது. படகில் இருந்து எடுத்ததுபோல் ஆடும். கடை விளம்பரங்கள் எப்போதும் தூரத்து மலையையும் கடலையும் காட்டுவதன் ரகசியம் இதுதான் என்பது என் எண்ணம். முழங்காலைச் சற்று மடித்து, குதிகாலை முதலில் ஊன்றி வழுக்கினாற்போல நடப்பது ஒன்றே மருந்து. 272 படியில் அப்படி ஏறினால் மறுநாள் தொடை சொல்லும்.

அடுத்தது வெளிச்சம். இங்கேதான் எண்கள் அதிகம் ஏமாற்றும். மேகமில்லாத மதியத்தில் தரையில் விழுவது சுமார் ஒரு லட்சம் லக்ஸ். குகைக்குள் ஓரங்களுக்குப் போனால் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. நம் கண்மணி விரிந்து சுருங்கி, விழித்திரையும் தன் உணர்திறனை மாற்றிக்கொள்வதால் நமக்கு அது 'கொஞ்சம் இருட்டு'. கேமராவின் சென்சாருக்கோ ஒளித்துகள் பற்றாக்குறை. ஒளித்துகள்கள் சீராக வருவதில்லை, தகரக் கூரையில் விழும் மழைத்துளிகள் மாதிரி தாறுமாறாக வரும். ஒரு பிக்சலில் 10,000 துகள் விழுந்தால் ஏற்றத்தாழ்வு 100. அதாவது ஒரு சதவீதம். 100 மட்டுமே விழுந்தால் ஏற்றத்தாழ்வு 10, பத்து சதவீதம். இருட்டில் எடுத்த படத்தில் கொசகொசவென்று புள்ளி ஆடுவது இதனால்தான். எந்த மென்பொருளும் இல்லாத துகளைக் கொண்டுவர முடியாது, பூசி மறைக்கத்தான் முடியும்.

ஆகவே மெகாபிக்சலைவிடச் சென்சாரின் பரப்பளவைக் கேளுங்கள். ஓஸ்மோ பாக்கெட் 3இல் உள்ள 'ஒரு அங்குல' வகைச் சென்சாரின் உண்மையான அளவு 13.2 × 8.8 மில்லிமீட்டர், 116 சதுர மில்லிமீட்டர். சில ஆண்டுகளுக்கு முந்தைய கைப்பேசிகள் பலவற்றில் 25 சுற்றுவட்டாரத்தில்தான் இருந்தது. பரப்பு நாலு மடங்கானால் இரைச்சல் பாதியாகும். இன்றைய விலையுயர்ந்த கைப்பேசிகள் அந்த இடைவெளியைப் பெரிதும் குறைத்துவிட்டன. கையில் அப்படி ஒன்று இருந்தால் இருட்டுக்காக மட்டும் தனிக் கேமரா வாங்கத் தேவையில்லை.

வெயிலில் பிரச்சினை தலைகீழ். ஓஸ்மோ பாக்கெட் 3இன் லென்ஸ் துவாரம் எஃப்/2இல் நிலையாக நிற்பது, சுருக்க முடியாது. மதிய வெயிலில் அளவோடு ஒளி விட வேண்டுமானால் ஒவ்வொரு ஃபிரேமும் நொடியில் 6,400இல் ஒரு பங்கு நேரமே திறந்திருக்க வேண்டும். விளைவு, காவடியின் மயிற்பீலி ஆடுவதற்குப் பதில் வெட்டி வெட்டித் தெரியும். 50இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால்தான் அசைவில் நம் கண் பழகிய மெல்லிய மங்கல் வரும். அதற்கு ஒளியை 128இல் ஒரு பங்காகக் குறைக்கும் சாம்பல் நிற என்டி ஃபில்டரை லென்ஸ்மேல் ஒட்ட வேண்டும். பெட்டியில் வராது, தனியாக வாங்குவது.

முகத்துக்கு வருவோம். கேமராவின் ஒளிமானிக்கு எது முகம், எது வேட்டி என்று இயல்பாகத் தெரியாது. கண்ட காட்சியின் சராசரியை நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால் வெளுத்த வானம், உடம்பில் வெள்ளை வேட்டி என்றால் அது மொத்தத்தையும் இறக்கிவிடும். மாநிறத்து அப்பா படத்தில் நிழலாகிவிடுவார். இதற்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. கோடாக் நிறுவனம் 1950கள் முதல் புகைப்பட நிலையங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி அட்டை'யில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்த நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. பழுப்பின் நுணுக்கம் பிடிபடவில்லை என்று சாக்லேட் தயாரிப்பாளர்களும் மரச்சாமான் விற்பவர்களும் புகார் சொன்ன பிறகுதான் ஃபிலிமில் மாற்றம் வந்தது என்கிறார் இதை ஆராய்ந்த கனடியப் பேராசிரியர் லோர்னா ராத். கறுத்த மனிதர்களுக்காக அல்ல, சாக்லேட்டுக்காக! 2021இல் கூகுள் தன் பிக்சல் 6 கைப்பேசிக்கு 'ரியல் டோன்' என்று தனியாக அறிவிக்க வேண்டியிருந்தது என்றால் அந்தக் கணக்கு ஃபிலிமோடு முடியவில்லை. எந்தக் கேமராவானாலும் திரையில் முகத்தைத் தொட்டால் ஒளி அங்கே பூட்டிக்கொள்கிறதா, ஆள் நகர்ந்தால் கூடவே போகிறதா என்று பார்க்க வேண்டும். நம் வீட்டு ஆட்களுக்கு இது 4கேயைவிட முக்கியம்.

மாமாக் கடையில் தே தாரிக் இழுப்பதை எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டை ஒன்று மெதுவாக ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கேமரா கெட்டுப்போகவில்லை. மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கின்றன. சென்சார் படத்தை ஒரே அடியில் எடுக்காமல் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால் சில வரிக்கு வெளிச்சம், சில வரிக்கு மங்கல். பல கேமராக்கள் அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்கு ஏற்ற அமைப்போடுதான் கைக்கு வரும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 ஆக்கினால் ஒவ்வொரு வரியும் முழுத் துடிப்பை வாங்கிக்கொள்ளும், பட்டை மறையும். கோயில் சரவிளக்கும் எல்இடி பலகையும் தங்கள் இஷ்டத்துக்கு மினுக்குபவை, அவற்றுக்கு இது எப்போதும் பலிக்காது. வரிவரியாகப் படிப்பதைக் கண்ணாலேயே பார்க்க வேண்டுமானால் நல்ல வெளிச்சத்தில், சுழலும் சீலிங் ஃபேனை எடுங்கள். இறக்கைகள் வாழை இலையைப் போல வளைந்து தெரியும். வளைவு குறையக் குறைய சென்சார் வேகமானது.

சத்தம் பற்றி விளம்பரங்கள் அதிகம் பேசுவதில்லை. எனக்கோ பாதி மதிப்பெண் அதற்குத்தான். உறுமி ஓர் அடி விழுந்ததும் தானியங்கிக் கட்டுப்பாடு ஒலியைச் சட்டென்று தாழ்த்தும், அடுத்த நொடி தூக்கும். பக்கத்தில் பேசுகிறவரின் குரல் அதோடு அமிழ்ந்து அமிழ்ந்து எழும். அதை நிறுத்திக் கையால் அளவு வைக்க முடிகிறதா என்று கேளுங்கள். வீட்டுக்குள் வேறு கதை. தூரம் இரண்டு மடங்கானால் குரலின் செறிவு கால் பங்காகிறது, ஆனால் அறை முழுக்க நிறைந்த ஃபேன் சத்தம் குறைவதில்லை. பாட்டி பால்மரம் வெட்டிய கதை சொல்லும்போது கேமரா இரண்டு மீட்டரில் இருந்தால் படம் அழகாக இருக்கும், கதை போய்விடும். சட்டையில் குத்தும் கம்பியில்லா மைக் ஒன்று போதும்.

நம் ஊர் ஈரத்துக்கும் ஒரு வார்த்தை. கோலாலம்பூர் வட்டாரக் காற்றின் பனிநிலை ஆண்டு முழுக்கச் சுமார் 24 டிகிரி. கொமுட்டரில் 20 டிகிரிக்குக் குளிர்ந்த கண்ணாடி எதுவானாலும் பத்துமலை நிலையத்தில் கதவு திறந்ததும் வெள்ளையாகும். மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்குத் தெரியும். கேமராவைப் பைக்குள் மூடியே வைத்து, கால் மணி நேரம் கழித்து வெளியே எடுத்தால் வம்பில்லை. துடைத்துத் துடைத்து உள்ளே ஈரம் ஏற்றினால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். பாக்கெட் 3 நீர்புகாக் கேமரா அல்ல, சாயங்கால மழைக்கு ஒதுங்கத்தான் வேண்டும். அதன் இயங்கு வெப்பநிலையின் மேல்வரம்பு 40 டிகிரி. வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு அதை எளிதில் தாண்டும்.

நினைவு அட்டைக் கணக்கு சின்னது. நொடிக்கு 100 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட்; 128 ஜிபி அட்டை மூன்று மணி நேரத்துக்கு முன்பே நிரம்பிவிடும்.

கேமரா வாங்க லோ யாட் பிளாசாவுக்குப் போகிறவர்கள் சொந்த நினைவு அட்டையை எடுத்துக்கொண்டு போகலாம். காட்சிக்கு வைத்திருக்கும் கேமராவில் அதைப் போட அனுமதி கேட்டு, கடை விளக்கை ஒரு தடவை, வெளிச்சமான வாசலுக்கு எதிரே நிற்கும் நண்பரின் முகத்தை ஒரு தடவை, அவர் பின்னால் பேசிக்கொண்டே நடந்து ஒரு தடவை எடுத்தால் போதும். கடைக்காரரின் சின்னத் திரையில் எல்லாமே அழகாகத்தான் தெரியும். வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்துவிட்டு மறுநாள் காசைக் கொடுங்கள்.