குடியை ஒரே நாளில் நிறுத்தலாமா?



கொக்கைன், பவுடர்னு டிவியில செய்தி வர்றப்பல்லாம் குழுக் கூட்டத்துல யாராவது, “இதெல்லாம் நம்ம தாமல் பக்கம் வந்துடுமா மேடம்?” என்று கேட்கிறார்கள். பயம் நியாயம்தான். ஆனால் நம் வீடுகளுக்குள் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருப்பது டாஸ்மாக் குவார்ட்டர். ஒரு விஷயம் சொன்னா ஆச்சரியப்படுவீங்க. கிராக் கொக்கைனை விடுகிறவரைப் பெரும்பாலும் வாட்டுவது மனச்சோர்வும், மறுபடி வேணும் என்கிற அடங்காத ஆசையும்தான். பல வருஷம் தினமும் குடித்தவர் குடியைச் சட்டென்று நிறுத்தினாலோ, வலிப்பு வந்து உயிரே போகலாம்.

ஏன் அப்படி? சாராயம் மூளையை மந்தமாக்கும். தினமும் மந்தமாக்கினால், அதைச் சரிக்கட்ட மூளை தன்னைத்தானே முடுக்கிக்கொள்ளும். பிரேக்கை மிதித்தபடியே ஆக்ஸிலேட்டரை முறுக்கி ஓட்டுகிற வண்டி மாதிரி. பிரேக்கில் இருந்து காலைத் திடீரென எடுத்தால் வண்டி எகிறத்தானே செய்யும்?

கடைசியாகக் குடித்து 6 முதல் 12 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு ஆரம்பிக்கும். முதல் 2 நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். 2 முதல் 4 நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத ஆளோடு பேசுவார், சுவரில் பூச்சி ஊறுகிறது என்பார், ராத்திரியில் எழுந்து ஓடுவார். இதைக் காத்துக் கருப்பு என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள். அந்த நேரத்தில் தேவை 108 ஆம்புலன்ஸ்.

கோயிலில் கயிறு கட்டுவதையும், மாலை போடுவதையும் நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வைராக்கியம் பெரிய பலம். ஆனால் காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், கயிறு கட்டும் முன் டாக்டரைப் பார்க்கணும்.

2020 மார்ச் 24-ல் ஊரடங்குக்காக டாஸ்மாக் கடைகளை மூடியபோது இதை ஊரே பார்த்தது. கிடைக்காத தவிப்பில் வார்னிஷைக் குடித்து இறந்தவர்கள் செங்கல்பட்டுப் பக்கத்திலேயே உண்டு. கடையை மூடினாப் போதும் என்று நாமெல்லாம் நினைப்போம். மூடுகிற அன்றைக்கே வைத்தியத்துக்கும் வழி வேணும் என்பது என் கருத்து.

அந்த வைத்தியம் நம்மிடம் இருக்கிறது. கொக்கைனை விடவைக்க என்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. குடிக்கு உண்டு. முதல் ஒரு வாரம் நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்க மாத்திரை, கூடவே பி1 வைட்டமின். நடுங்குதுன்னு கிளினிக்குக்குக் கூட்டிப்போய் குளுக்கோஸ் பாட்டில் மட்டும் ஏத்திட்டு வர்றது நம்ம பக்கம் சகஜம். பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் சிலருக்கு மூளை பாதிக்கும். அதனால வெட்கப்படாம, “இவர் தினமும் குடிக்கிறவர், நேத்திலிருந்து நிறுத்திட்டார்” என்று டாக்டரிடம் சொல்லிடுங்க. பிறகு ஆசையைக் குறைக்க மாத்திரை, கவுன்சலிங்.

இன்னொன்று. ‘குடிப்பவருக்குத் தெரியாமலே’ சாப்பாட்டில் கலக்கச் சொல்லி விளம்பரம் வருது இல்லையா, அந்தப் பவுடர் வேண்டவே வேண்டாம். குடித்தால் வாந்தி வரவைக்கும் டைசல்ஃபிரம் என்ற மாத்திரை ஒன்று இருக்கிறது. அவர் சம்மதத்தோடு, இதயத்தையும் ஈரலையும் சோதித்த பிறகே டாக்டர் கொடுப்பார். தெரியாமல் கொடுத்து, அவரும் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் இறங்கி நெஞ்சு வலி வரும். உயிரும் போகலாம். மாத்திரையை நிறுத்தி 2 வாரம் வரை இந்த ஆபத்து இருக்கும். கணவர் போன பிறகு போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்னு யோசிச்சுப் பாருங்க.

குடியால் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் கணவர் பெயரில் அமைப்பு தொடங்கினார். அது டி.டி.கே. மருத்துவமனையாக வளர்ந்தது. குடிப்பவரோடு குடும்பத்துக்கும் ஆலோசனை தேவை என்பதை அங்கே முக்கியமாக வைத்தார்கள். குடும்பம் என்றால் பெரும்பாலும் நாம்தானே. பாட்டிலை ஒளிச்சு வைக்கிறது, கடை பாக்கியை அடைக்கிறது, “காய்ச்சல்”னு சொல்லி வேலைக்கு லீவு கேக்குறது எல்லாம் நாம். ஒரு குவார்ட்டர் 140 ரூபாய் என்று வைத்தாலும் 30 நாளுக்கு 4,200. அதை ஈடுகட்ட நாம் குழுவில் கடன் வாங்கும்வரை அவருக்குப் பிரச்சினை தெரியவே தெரியாது. கடனைக் குழந்தை படிப்புக்கு வாங்குங்க, பாக்கிக்கு வாங்காதீங்க. அடி உதை இருந்தால் 181-க்குப் பேசுங்கள்.

நிறுத்தியவர் திரும்பக் குடிப்பது இந்த நோயில் சகஜம். சர்க்கரை ஏறினா மறுபடி டாக்டர்கிட்ட போறோமே, அது மாதிரி திரும்பப் போகணும். “பாத்தியா, உன்னால முடியாது” என்ற ஒரு வார்த்தை மட்டும் வேண்டாம்.

காஞ்சிபுரம் மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவில் கேளுங்கள். கட்டணமில்லா போதை மறுவாழ்வு உதவி எண் 14446. அவர் வர மறுத்தால் முதல் தடவை நீங்கள் மட்டும் போகலாம். எத்தனை வருஷமாக, ஒரு நாளைக்கு எவ்வளவு, காலையில் குடிக்கிறாரா, முன்பு வலிப்பு வந்ததா என்பதை ஒரு சீட்டில் எழுதி எடுத்துட்டுப் போங்க. எழுத வராதவங்களுக்கு ஊக்குநர் எழுதித் தருவார்.