எலி கடித்த நாக் சென்சார் ஒயர்... அப்படியே வண்டியை ஓட்டலாமா?

வைக்கோல்போர் பக்கத்திலும் மாட்டுக்கொட்டகை ஓரத்திலும் வண்டியை நிறுத்துபவர்களுக்கு எலித்தொல்லை புதிதல்ல. கதகதப்பு தேடி இன்ஜின் பக்கம் ஒதுங்கும் எலி, கையோடு ஒயரையும் கடித்து வைத்துவிடும். மறுநாள் தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினால், டேஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரியும். வண்டி ஓடும், ஆனால், மேட்டில் இழுக்காது. ஸ்கேனரை மாட்டிப் பார்க்கும் மெக்கானிக், ‘பி0325’ என்ற குறியீட்டைக் காட்டி, ‘‘நாக் சென்சார் லைன் கட்’’ என்பார். ‘‘அது இல்லாமலே வண்டி ஓடும், விடுங்க’’ என்று சொல்பவர்களும் உண்டு.

ஓடும் என்பது உண்மைதான். என்ன செலவில் ஓடும் என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

இன்ஜினின் காது

நாக் சென்சார் என்பது இன்ஜின் பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கப்பட்ட சிறிய பாகம். அதன் உள்ளே இருக்கும் பீங்கான் போன்ற வில்லை, அதிர்வை மின்சாரமாக மாற்றும். கேஸ் அடுப்பு லைட்டரை அழுத்தினால் பொறி வருவதும் இதே முறையில்தான்.

பெட்ரோல் இன்ஜினில், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே ஸ்பார்க் பிளக் பொறி கொடுக்கும். அங்கே பற்றும் தீ, சிலிண்டர் முழுக்கச் சீராகப் பரவ வேண்டும். அந்தத் தீ போய்ச் சேருவதற்குள், ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை சூட்டாலும் அழுத்தத்தாலும் தானாகவே வெடித்தால், சுத்தியலால் தட்டுவதுபோல ‘டிக் டிக்’ என்று சத்தம் வரும். இதுதான் நாக்கிங். எப்போதாவது லேசாக வந்துபோனால் பாதகமில்லை. பாரத்தோடு தொடர்ந்து நீடித்தால் ஹெட் கேஸ்கெட் போகும், ரிங் உடையும், பிஸ்டனின் ஓரம் அரித்து உருகும்.

சென்சார் இந்தத் தட்டலைக் கேட்ட உடனே, இன்ஜினின் கம்ப்யூட்டர் பொறி கொடுக்கும் நேரத்தைச் சற்றுத் தள்ளிவைக்கும். தட்டல் நின்றதும், கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். ஓட்டுபவருக்குத் தெரியாமலே பயணம் முழுக்க இந்த வேலை நடந்துகொண்டிருக்கும்.

இணைப்பு இல்லாவிட்டால்...

ஒயர் அறுந்ததும் கம்ப்யூட்டருக்குக் காது கேட்காது. அதனால், பெரும்பாலான வண்டிகளில் அது பாதுகாப்பான வழியைப் பிடித்துக்கொள்ளும். தட்டல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொறியைத் தாமதமாகவே கொடுக்கும். இன்ஜின் தப்பிக்கும், ஆனால், இழுவை குறையும். அதே பாரத்துக்கு ஆக்ஸிலரேட்டரைக் கூடுதலாக மிதிக்க வேண்டும்; பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். எரிவது தாமதமாவதால் புகைப்போக்கி வழியே போகும் சூடும் அதிகரிக்கும்.

சமதரையில், காலி வண்டியில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. ‘நன்றாகத்தானே ஓடுகிறது’ என்று பலரும் நினைப்பது இதனால்தான். பாரம் ஏற்றி மலைப்பாதையிலோ, பாலத்து மேட்டிலோ ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும்.

இதைவிட ஆபத்தானது, கம்ப்யூட்டரை ஏமாற்றுவது. விளக்கு எரியாமல் இருக்க, சென்சார் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரெசிஸ்டரை மாட்டிவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. இப்போது கம்ப்யூட்டர், ‘சென்சார் இருக்கிறது, தட்டல் இல்லை’ என்று நம்பி பொறியை முன்கூட்டியே கொடுக்கும். உண்மையிலேயே தட்டல் வந்தால் தடுக்க ஆளில்லை. காவல் நாயை அவிழ்த்து விரட்டிவிட்டு, வாசலில் நாய் பொம்மையை வைத்த கதைதான்.

பழி சென்சார் மீது மட்டுமா?

ஒயர் நன்றாக இருந்தும் இழுவை குறைந்தால், சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கலாம். இன்ஜின் அதிகம் சூடாவது, சிலிண்டருக்குள் கரி படிவது, பொருந்தாத ஸ்பார்க் பிளக், மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் ஆகியவை நாக்கிங்கை வரவழைப்பவை. ஆடிக்கொண்டிருக்கும் பிராக்கெட் போடும் சத்தத்தைக்கூட சில நேரங்களில் சென்சார் தட்டல் என்று எடுத்துக்கொள்ளும். இவற்றைப் பார்க்காமல் சென்சாரைக் கழற்றுவது, காய்ச்சல் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரை உடைப்பதற்குச் சமம்.

சரிசெய்யும்போது கவனிக்க...

* இந்த சென்சாரின் மின்சாரம் மிகச் சிறியது. அதனால் பல வண்டிகளில், வெளிச் சத்தம் கலக்காதபடி ஒயருக்கு மேல் கம்பி வலை உறை இருக்கும். அறுந்த இடத்தை முறுக்கி டேப் சுற்றினால் போதாது. உறையோடு சேர்த்து முறையாக இணைக்க வேண்டும். அல்லது அந்தப் பகுதி ஒயரையே மாற்ற வேண்டும்.

* சென்சார் உட்காரும் இடத்தில் துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கக் கூடாது. இடையில் வாஷர் போடக் கூடாது.

* போல்ட்டைக் கை போன போக்கில் முறுக்கக் கூடாது. பல வண்டிகளுக்கு சுமார் 20 நியூட்டன் மீட்டர் அளவு. உங்கள் வண்டிக்கான அளவை சர்வீஸ் புத்தகத்தில் பார்த்து, டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்கச் சொல்லுங்கள். தளர்ந்தாலும் அதிகம் இறுகினாலும் சென்சார் தவறாகக் கேட்கும்.

* பழுது பார்க்கும்வரை ஓட்டியே ஆக வேண்டுமென்றால், பாரத்தைக் குறையுங்கள். மேட்டில் டாப் கியரில் திணறவிடாமல் கியரைக் குறையுங்கள். டெம்பரேச்சர் முள்ளில் ஒரு கண் இருக்கட்டும். தட்டல் சத்தம் கேட்டால் உடனே ஆக்ஸிலரேட்டரை விடுங்கள்.

வாசகர் கேள்விகள்

‘‘டீசல் டிராக்டரிலும் இந்த சென்சார் இருக்குமா?’’

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அழுத்தத்தின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அதனால் லேசான தட்டல் சத்தம் அதற்கு இயல்பு. நம் வயல்களில் ஓடும் சாதாரண டீசல் டிராக்டர்களில் இந்த சென்சார் இல்லை. வழக்கத்தைவிடச் சத்தம் கூடினால் இன்ஜெக்டரையும் பம்ப் டைமிங்கையும் பார்க்க வேண்டும்.

‘‘எத்தனால் கலந்த பெட்ரோலால் நாக்கிங் வருமா?’’

நேர்மாறானது. கரும்பு, தானியங்களிலிருந்து தயாராகும் எத்தனாலுக்குத் தட்டலைத் தாங்கும் திறன் பெட்ரோலைவிட அதிகம். ரப்பர் குழாய் போன்ற பாகங்களுக்கு ஏற்றதா என்பதை மட்டும் வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘‘விலை கூடிய 95 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் சென்சார் இல்லாமல் சமாளிக்கலாமா?’’

தட்டல் வரும் வாய்ப்பு குறையும். ஆனால், காது கேட்காத கம்ப்யூட்டருக்கு நல்ல பெட்ரோல் போட்டது தெரியாது. பொறியைத் தாமதமாகவே கொடுக்கும். குறைந்த இழுவை திரும்பாது. அந்தக் கூடுதல் காசைச் சேர்த்து ஒயரை மாற்றிவிடுவதே லாபம்.