சிங்கப்பூர் – நியூயார்க்: வான்வழித் தொலைவும் பயண நேரமும்

சிங்கப்பூருக்கும் அமெரிக்காவின் நியூயார்க் நகருக்கும் இடையேயான வான்வழித் தொலைவு சுமார் 15,350 கி.மீ. இடையில் எங்கும் இறங்காமல் செல்லும் விமானம் இதைக் கடக்க ஏறத்தாழ 18 முதல் 19 மணி நேரம் ஆகிறது. உலகின் மிக நீண்ட பயணிகள் விமானச் சேவைகளுள் இதுவும் ஒன்று.

தொலைவைக் கணக்கிடுதல்

புவி உருண்டையின் மேல் இரண்டு ஊர்களை இணைக்கும் மிகக் குறுகிய வழி பெருவட்டப் பாதை எனப்படும். சிங்கப்பூர் கிழக்கே 104 பாகைத் தீர்க்கரேகையிலும், நியூயார்க் மேற்கே 74 பாகையிலும் உள்ளன. இரண்டையும் கூட்டினால் 178. அதாவது, இவை புவியின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ள தீர்க்கரேகைகள். ஆகவே மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டிச் செல்கிறது. தட்டையான உலகப் படத்தில் இது தெரியாது. உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் உடனே விளங்கும்.

சிங்கப்பூரின் அட்சரேகை வடக்கே 1.4 பாகை, அங்கிருந்து துருவம் 88.6 பாகை. நியூயார்க்கின் அட்சரேகை 40.6, அதிலிருந்து துருவம் 49.4 பாகை. மொத்தம் 138 பாகை. ஒரு பாகைக்கு சுமார் 111 கி.மீ. என்றால் 15,318 கி.மீ. மேலே சொன்ன அளவுக்கு இது மிக அருகில் வருவதைக் காணலாம்.

பயண நேரம்

மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறந்தால் 17 மணி நேரம் போதும் என்று தோன்றும். ஆனால் ஓடுபாதைக்குச் செல்லும் நேரம், மேலேறும்போதும் இறங்கும்போதும் குறையும் வேகம், சுற்றிச் செல்லும் வழி ஆகியவை நேரத்தைக் கூட்டுகின்றன. மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டத்தின் துணை கிடைப்பதால், நியூயார்க் செல்லும் விமானம் பெரும்பாலும் துருவத்தை விட்டு வட பசிபிக் வழியே பறக்கிறது. குறுகிய வழியே விரைவான வழி என்று சொல்லிவிட முடியாது.

சேவையின் வரலாறு

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004இல் நியூயார்க்கை அடுத்த நியூவர்க் நகருக்கு ஏர்பஸ் ஏ340-500 விமானத்தில் நேரடிச் சேவையைத் தொடங்கியது. நான்கு என்ஜின்கள் கொண்ட அவ்விமானத்தின் எரிபொருள் செலவு மிகுதி. 2013இல் சேவை நின்றது. இரண்டு என்ஜின்களே கொண்ட ஏ350-900 வகையின் நெடுந்தொலைவு விமானத்தால் 2018இல் அது மீண்டும் தொடங்கியது.

கடிகாரம் தரும் குழப்பம்

பயணச்சீட்டில் அந்தந்த ஊர் நேரமே அச்சாகும். குளிர்காலத்தில் நியூயார்க் 13 மணி நேரமும், கோடையில் 12 மணி நேரமும் பின்தங்கியுள்ளது. குளிர்காலத்தில் ஒரு திங்கட்கிழமை காலை 10 மணிக்குச் சிங்கப்பூரில் கிளம்பி 18½ மணி நேரம் பறந்தால், நியூயார்க்கில் அதே திங்கள் பிற்பகல் 3.30 மணிக்கு இறங்கலாம். கடிகாரப்படி 5½ மணி நேரம்தான். திரும்பும்போதும் அதே 18½ மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். திங்கள் காலை 10 மணிக்குக் கிளம்பினால் சிங்கப்பூரை அடைவது செவ்வாய் மாலை 5.30, கடிகாரப்படி 31½ மணி நேரம்.

விமான நிலையத்துக்கு அழைக்க வருபவர்கள் நாளைத் தவறவிடுவது இதனால்தான். வேளை தவறாமல் மருந்து உண்பவர்களுக்கு இப்பிழை இன்னும் ஆபத்தானது. அவர்கள் கடிகாரத்தை நம்பாமல், கடந்த மணி நேரத்தை எண்ணி, மருத்துவரிடம் முன்னரே கேட்டுக்கொள்வது நல்லது.