பெரியவர்கள் விளையாட மறப்பது ஏன்? கும்பகோணம் குமாஸ்தாவின் ஸ்லேட் சொல்லும் பதில்

1912 மார்ச் 1. மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் 24 வயது இளைஞர் ஒருவர் குமாஸ்தாவாகச் சேர்கிறார். மாதச் சம்பளம் 30 ரூபாய். கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டைவிட்டதால் கல்லூரி உதவித்தொகையை இழந்தவர். பட்டம் இல்லாமல் வேலை தேடி அலைந்தவர். பெயர் ஸ்ரீனிவாச ராமானுஜன்.

அவர் கணித மேதை என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு ஆபீஸில் அவர் சம்பளத்துக்கு வேலை பார்த்த அந்த 14 மாதங்களைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை. ‘சின்ன வயசுல எவ்வளவு வரைவேன், என்னென்னவோ செஞ்சு பார்ப்பேன், இப்போ எக்செல் ஷீட்டைத் தவிர ஒண்ணும் தெரியல’ என்று சென்னையிலும் பெங்களூருவிலும் உட்கார்ந்து புலம்பும் டெல்டா பிள்ளைகளுக்கு, அந்த 14 மாதங்களில்தான் விஷயம் இருக்கிறது.

எழுதினார், முழங்கையால் அழித்தார்

ராமானுஜன் கணக்குப் போட்டது பெரும்பாலும் ஸ்லேட்டில். காகிதம் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. எழுதுவார், துணி தேட நேரமில்லாமல் முழங்கையாலேயே அழிப்பார், மறுபடி எழுதுவார். கடைசியில் தேறிய முடிவு மட்டும் நோட்டுப் புத்தகத்துக்குப் போகும். நடுவில் எத்தனை தடவை தப்பு வந்தது என்பதற்கு எந்தச் சாட்சியும் கிடையாது. பின்னால் வந்த கணித அறிஞர்களுக்கு இது தலைவலிதான். முடிவு இருக்கிறது, வழி இல்லை. ஆனால் அவருக்கு அது எவ்வளவு பெரிய சுதந்திரம் என்று யோசித்துப் பாருங்கள். சிவப்பு மை இல்லை, ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ இல்லை.

அந்த நோட்டுப் புத்தகங்கள் எதில் தொடங்குகின்றன தெரியுமா? மாயச் சதுரத்தில். ஒன்பது கட்டம் போட்டு, 1 முதல் 9 வரை எண்களை நிரப்பி, எந்தப் பக்கம் கூட்டினாலும் 15 வர வைக்கிறோமே, அதேதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் விளையாடுவது. ராமானுஜன் அதை விடவே இல்லை என்பதுதான் வித்தியாசம்.

விளையாட்டு மட்டும் போதுமா என்றால், போதாது. 15, 16 வயதிலேயே சுமார் 5,000 கணித முடிவுகள் அடங்கிய கார் என்ற ஆங்கிலேயரின் தொகுப்பு நூலை அவர் கரைத்துக் குடித்திருந்தார். ‘குழந்தை மாதிரி யோசிங்க’ என்று மேடையில் சொல்லும் மோட்டிவேஷன் பேச்சாளர்கள் வசதியாக விட்டுவிடும் பகுதி இது.

மூளையில் என்னதான் நடக்கிறது?

வயதாக ஆக கற்பனை வற்றிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். ஆய்வுகள் காட்டும் படம் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது.

2014-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் உளவியலாளர் அலிசன் காப்னிக் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் ஒரு பெட்டி வருகிறது. சில கட்டைகளை மேலே வைத்தால் அது எரிந்து பாட்டுப் பாடும். எந்தக் கட்டைக்கு அந்தச் சக்தி என்று கண்டுபிடிக்க வேண்டும். சூட்சுமம் என்னவென்றால், சில சமயம் இரண்டு கட்டைகளைச் சேர்த்து வைத்தால்தான் பெட்டி வேலை செய்யும். நான்கைந்து வயதுக் குழந்தைகள் இதை எளிதாகப் பிடித்துவிட்டார்கள். கல்லூரி மாணவர்களோ ‘ஏதோ ஒரு கட்டைதான் காரணம்’ என்ற பழைய அனுபவத்தையே கட்டிக்கொண்டு நின்றார்கள். தெரிந்ததே அவர்களுக்குத் தடை.

அதற்கு முன்பு 2010-ல் நார்த் டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இன்னொரு சோதனை. மாணவர்களிடம், ‘இன்னைக்கு காலேஜ் லீவு, என்ன செய்வீங்க?’ என்று எழுதச் சொன்னார்கள். பாதிப் பேரிடம் கூடுதலாக ஒரே ஒரு வரி: ‘உங்களுக்கு 7 வயசுன்னு நினைச்சுக்குங்க.’ அதன் பிறகு வைத்த படைப்பாற்றல் தேர்வில் 7 வயதுக்குப் போய் வந்தவர்களின் பதில்கள் கூடுதல் புதுமையோடு இருந்தன. அதிகம் பேசாத, கூச்ச சுபாவம் உள்ளவர்களிடம் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. சில நிமிடத்தில் திரும்பி வருகிற ஒன்றை ‘வற்றிப்போனது’ என்று எப்படிச் சொல்வது?

அப்படியானால் அதை மூடி வைப்பது எது? 1973-ல் வெளியான, இன்றும் பேசப்படும் ஒரு ஆய்வு உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் படம் வரைய ஆசைப்படும் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் ‘நல்லா வரைஞ்சா சர்டிஃபிகேட் தருவோம்’ என்றார்கள். அவர்களும் வரைந்து வாங்கிக்கொண்டார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து ஸ்கெட்ச் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுப் பார்த்தபோது, சர்டிஃபிகேட்டுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் அவற்றைத் தொட்டார்கள். விளையாட்டு, வேலையாக மாறிவிட்டது. நான்கு வயதில் ஒரு சர்டிஃபிகேட் இதைச் செய்யும் என்றால், வருஷா வருஷம் வரும் அப்ரைசல் என்ன செய்யும்?

வாசலில் அழிகிற கணக்கு

மதிப்பெண் போடாத, அழிந்தாலும் கவலைப்படாத படைப்பு வேலை நம் ஊரில் தினமும் காலையில் நடக்கிறது. கும்பகோணத்திலோ திருவையாற்றிலோ விடியும் முன்னே ஒரு தெருவில் நடந்தால் தெரியும். சிக்குக் கோலம் போடுகிற பெண்மணி புள்ளி வைத்து, கோட்டை வளைத்து வளைத்து, ஆரம்பித்த இடத்திலேயே கொண்டுவந்து சேர்க்கிறார். ஒன்பது மணிக்குள் ஸ்கூட்டர் ஏறி அது கலைந்துவிடும். நாளைக்கு வேறு கோலம். தப்பாகிப் போனாலும் ஒரு நாள்தான். (ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்க ஆரம்பித்த பிறகு இந்த நிம்மதி கொஞ்சம் குறைந்திருக்கிறது என்பது வேறு கதை.)

இதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களுடன் கமலா கிரிதிவாசன் ஆகியோர் கோலத்தின் இலக்கணத்தைக் கணினி அறிவியல் மொழியில் எழுதி 1974-ல் சர்வதேச ஆய்விதழில் வெளியிட்டார்கள். வாசலில் விளையாட்டாகப் போட்டது ஆராய்ச்சிக்குப் போனது.

தஞ்சாவூர் பொம்மையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2008-09-ல் புவிசார் குறியீடு பெற்ற தலையாட்டி பொம்மையின் பெயரை ஆபீஸில் எல்லாவற்றுக்கும் ‘சரி சார்’ போடுகிறவரைக் கேலி செய்யத்தான் பயன்படுத்துகிறோம். அதே பெயரில் விற்கும் ராஜா ராணி பொம்மையோ எந்தப் பக்கம் தள்ளினாலும் எழுந்து உட்காரும். அடிப்பாகம் உருண்டை, கனம் முழுவதும் அங்கேதான். சாய்க்கச் சாய்க்க எடை மையம் மேலே ஏறும், கையை எடுத்ததும் கீழே இறங்கப் பார்க்கும். விழுந்தால் ஒன்றும் ஆகாது என்பதால்தான் குழந்தை அதைத் திரும்பத் திரும்பத் தள்ளுகிறது. மீட்டிங்கில் முதல் வகை பொம்மைகள் நிறைய இருப்பதற்கும், தப்பாகச் சொன்னால் எழுந்திருக்க முடியாது என்ற பயத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

அடியில் கனம் வேண்டும்

ராமானுஜனுக்கு அந்தக் கனத்தைக் கொடுத்தது சம்பளம். வேலை கிடைப்பதற்கு முன் சுமார் ஓராண்டு நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து அவரைத் தாங்கினார். போர்ட் டிரஸ்டில் மேலதிகாரி எஸ். நாராயண ஐயரும் ஒரு கணிதப் பிரியர். ஆபீஸ் முடிந்ததும் திருவல்லிக்கேணியில் அவர் வீட்டு மாடியில் இருவரும் மடியில் ஸ்லேட்டை வைத்துக்கொண்டு இரவு வெகுநேரம் கணக்குப் போடுவார்கள். துறைமுகத்தில் பொட்டலம் கட்டுகிற தாளைப் பொறுக்கிக்கொண்டிருந்த குமாஸ்தாவுக்கு மெமோ வரவில்லை. கழகத் தலைவர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் அவருக்காகப் பரிந்து பேசினார். 1913 ஜனவரி 16 தேதியிட்டு கேம்பிரிட்ஜின் ஹார்டிக்குப் போன கடிதத்தின் தொடக்கத்திலேயே, தான் போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவு குமாஸ்தா என்று ராமானுஜன் எழுதினார்.

‘கிரியேட்டிவா இருங்க’ என்று ஊழியரிடம் சொல்வது சுலபம். 12 மணி நேரம் கசக்கிப் பிழிந்த பிறகு அது நடக்காது. டெல்டா விவசாயிக்கு இது தெரியும். சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நிற்கிற நெல்லுக்குள் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவார். தனி உழவு கிடையாது. நெல்லுக்குப் பாய்ச்சியதில் மிஞ்சிய ஈரத்திலேயே பயறு விளையும். வயல் காய்ந்த பிறகு தெளித்தால் விதை நஷ்டம்.

சில கம்பெனிகள் இந்த ஈரத்தை விட்டுவைத்திருக்கின்றன. அமெரிக்காவின் 3எம் நிறுவனம் வேலை நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைகளுக்குச் செலவிடத் தன் ஆட்களை அனுமதித்தது. போஸ்ட்-இட் என்ற மஞ்சள் ஒட்டுத்தாள் அப்படி வந்ததுதான். நம் ஊர் மேனேஜருக்கு 15 சதவீதம் ரொம்ப அதிகம் என்றால், வாரத்தில் ஒரு மீட்டிங்கையாவது மினிட்ஸ் எழுதாமல் நடத்திப் பார்க்கலாம். முதலில் ஜூனியர்கள் பேசட்டும், பாஸ் கடைசியில். வெள்ளைப் பலகையில் எழுதியதை ஃபோட்டோ எடுக்காமல் அழித்துவிடலாம்.

ராமானுஜனின் போர்ட் டிரஸ்ட் வேலை 1913 மே மாதத்தோடு முடிந்தது. மெட்ராஸ் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. பட்டம் இல்லாதவருக்கு! பதிலுக்கு அவர் செய்ய வேண்டியிருந்தது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை. முதல் அறிக்கையில் 1913 ஆகஸ்ட் 5 என்று தேதி இருக்கிறது. இன்று ‘ராமானுஜனின் மாஸ்டர் தேற்றம்’ என்று உலகம் முழுக்கப் பாடப் புத்தகங்களில் இருப்பது அதில்தான் வந்தது.