பவானிக்கு எத்தனை எழுத்து? ஒரு ‘பேக்கேஜ்’ சொல்லும் பதிலும், அதை நம்புவதில் இருக்கும் சிக்கலும்

‘பவானி’ என்ற பெயரில் எத்தனை எழுத்து? மூன்று என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும். ஆனால், பைத்தான் மொழியிடம் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்கிறது. யூனிகோடில் ‘வா’ என்பது ‘வ’வும் துணைக்காலும், ‘னி’ என்பது ‘ன’வும் இகரக் குறியும். பைத்தான் அந்தக் குறிகளையும் சேர்த்தே எண்ணுகிறது.

தமிழில் ஏதாவது ஆப் செய்ய உட்கார்ந்த எல்லோரும் இதில் ஒருமுறை முட்டிக்கொண்டிருப்பார்கள். ஆளாளுக்குத் தனியாக கோடு எழுத வேண்டியதில்லை. ‘எழில்’ என்ற தமிழ் நிரலாக்க மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் தன்னார்வலர்களும் சேர்ந்து எழுதிய ‘ஓப்பன்-தமிழ்’ பேக்கேஜ் இருக்கிறது. ‘பிப் இன்ஸ்டால்’ என்று ஒரு வரி அடித்தால் போதும். ப, வா, னி என்று சரியாகப் பிரித்துத் தந்துவிடும்.

அந்த ஒரு வரி எங்கே போகிறது?

பைபிஐ என்ற பொதுக் கிடங்குக்கு. பைத்தானுக்கு அது என்றால், ஜாவாஸ்கிரிப்டுக்கு என்பிஎம். இவற்றைத்தான் பேக்கேஜ் ரெஜிஸ்ட்ரி என்கிறார்கள். எழுதியவர் ஏற்றி வைப்பார், தேவைப்படுபவர் இறக்கிக்கொள்வார். காசு கிடையாது.

நீங்களும் ஏற்றலாம். கோடு, பெயரும் பதிப்பு எண்ணும் சொல்லும் ஒரு கோப்பு, ஒரு கணக்கு, அவ்வளவுதான். ஓப்பன் சோர்ஸ் உரிமம் எது என்பதையும் மறக்காமல் போடுங்க. உரிமம் இல்லாத கோடு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தாலும், அடுத்தவர் அதைப் பயன்படுத்த சட்டப்படி அனுமதி இல்லை.

சரி, யார் சரிபார்ப்பது?

வெளியாகும் முன் யாரும் வரி வரியாகப் படித்துப் பார்ப்பதில்லை. பெயரும் முதலில் வருபவருக்கே. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருந்தும், விசைத்தறி விரிப்புகள் அதே பெயரில் விற்பதாக நெசவாளர்கள் புகார் சொல்கிறார்கள். இங்கே அந்தக் குறியீடுகூடக் கிடையாது. பிரபல பேக்கேஜின் பெயரில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி, உள்ளே கடவுச்சொல் திருடும் கோடு வைத்து ஏற்றுகிறார்கள். இப்போது இன்னொரு தலைவலி: ஏஐ கருவிகள் இல்லாத பேக்கேஜ் பெயரை இருப்பதுபோலச் சொல்ல, அந்தப் பெயரை யாராவது பிடித்துவைத்துக்கொள்ளலாம்.

பெயர் சரியாக இருந்தாலும் ஆபத்து உண்டு. 2025 செப்டம்பரில் ‘சாக்’, ‘டீபக்’ உள்ளிட்ட என்பிஎம் பேக்கேஜ்களைப் பராமரிப்பவருக்கு, என்பிஎம் நிறுவனமே அனுப்பியதுபோல ஒரு போலி மின்னஞ்சல் வந்தது. அவர் ஏமாந்தார். கிரிப்டோ பணத்தைத் திருப்பிவிடும் கோடு, வாரத்துக்கு 200 கோடி முறைக்கு மேல் இறக்கப்படும் பேக்கேஜ்களுக்குள் புகுந்தது. சில மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனாலும் யோசித்துப் பாருங்க, உலகம் முழுக்க ஓடும் மென்பொருளுக்கும் திருடனுக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு மனிதரின் இன்பாக்ஸ்.

திருட்டே வேண்டாம், கோபம் போதும். 2016 மார்ச்சில் பெயர்த் தகராறு ஒன்றில் வெறுத்துப்போன ஒருவர் தன் பேக்கேஜ்களை என்பிஎம்மிலிருந்து தூக்கிவிட்டார். அதில் 11 வரி மட்டுமே கொண்ட ‘லெஃப்ட்-பேட்’ இல்லாமல் பல நிறுவனங்களின் வேலை நின்றது. அதற்குப் பிறகு விதியை இறுக்கினார்கள். இப்போது வெளியிட்டு 72 மணி நேரம் தாண்டினால் நீக்குவதற்குக் கடும் நிபந்தனைகள் உண்டு.

ஏற்றப் போகிறீர்களா?

பைபிஐயில் 2024 தொடக்கத்திலிருந்து இரண்டடுக்குப் பாதுகாப்பு எல்லோருக்கும் கட்டாயம். அடுத்தது டோக்கன். கோடுடன் சேர்த்து அதையும் கிட்ஹப்பில் போட்டுவிடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தப்பு. டோக்கனைச் சேமிக்காமலே கிட்ஹப்பிலிருந்து நேரடியாக வெளியிடும் ‘டிரஸ்டட் பப்ளிஷிங்’ வசதி 2023 முதல் இருக்கிறது. அதையே பழகிக்கொள்ளலாம்.

முதல் முயற்சியை ‘டெஸ்ட் பைபிஐ’யில் செய்து பாருங்க. ஏனென்றால் அசல் தளத்தில் 0.1.0 பதிப்பை ஏற்றி, தப்பைப் பார்த்து அழித்தாலும், அதே பெயரில் அந்தக் கோப்பை மறுபடி ஏற்ற முடியாது. அடுத்தது 0.1.1 தான்.